நகத்தளவு முகம்

பிள்ளைகளே, இந்தத் தீவில் மாயாபந்தர் ஜெட்டியில் நான் வேலை பார்த்தபோது, மரம் ஏற்ற வந்த கப்பலில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். செம்புத் தகட்டில் படம் செதுக்குவதும் நகத்தளவில் முகம் வரைவதும் அவர் தொழில். நரைத்த தாடி, பெரிய கைகள். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

ஊரில் படுக்கையில் கிடந்த உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, மகள் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அப்போது இங்கே போட்டோ ஸ்டுடியோ ஏது? ஜெர்மன்காரரிடம் கெஞ்சினேன்.

உங்கள் அம்மா முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தாள். அவர் சிரித்துவிட்டு, அரைகுறை இந்தியில், "மூஹ் தோவோ," என்றார், முகத்தைக் கழுவு என்று.

"ஏங்க, கழுவினா நெத்தித் தழும்பு தெரியுமே! அப்பா ஓட்டின சைக்கிள்லேர்ந்து நான் விழுந்தப்ப பட்டது. பார்த்தா அழுவாரு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரிந்த தழும்பா? அப்படியானால் அதைத்தான் முதலில் வரைவேன்," என்றார்.

அம்மா போய் முகம் கழுவி வந்தாள். அவர் வரைந்து கொடுத்தார்; அன்று மாலை கப்பல் போய்விட்டது.

படத்தைத் தபாலில் அனுப்பினோம். தாத்தாவின் பதில் ஒரே வரி: "லென்ஸ் வச்சுப் பார்த்தேன், என் புள்ளையேதான்."

படத்தில் அந்தத் தழும்பு எறும்புக் கால் அளவுதான். அவ்வளவு பெரிய கை அதை எப்படி வரைந்ததோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.