பென்சிலில் எழுதிய கடைசி எபிசோட்

போன திங்கட்கிழமை காலை முழுக்க நான் கையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்கூல் பிள்ளைகள் பென்சில் டப்பாவில் வைத்திருப்பார்களே, அதே வெள்ளை ரப்பர். நாற்பத்தெட்டு வயதில், ஸ்வெட்டருக்கு மேல் ஷால், ஷாலுக்கு மேல் ரப்பர் தூள்!

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் டிசம்பர் கச்சேரிகள் முடிந்ததும் நடக்கிற சடங்கு இது. நாங்கள் வாசித்த நோட்ஸ், அதாவது ஸ்வரங்கள் அச்சடித்த புத்தகம், எங்களுடையது இல்லை. வேறொரு ஊர் ஆர்க்கெஸ்ட்ராவிடம் இரவல் வாங்கியது. அதில் எது எழுதினாலும் பென்சிலில்தான் எழுத வேண்டும். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். எங்கள் லைப்ரரியன் குப்தாஜி ஆளுக்கொரு ரப்பரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். டீ கூட அழித்த பிறகுதான்.

எனக்கு முன்னால் வாசித்தவர்கள் இந்த விதியை மதித்ததாகத் தெரியவில்லை. ‘கண்டக்டரைப் பார்!’ என்று ஓர் இடத்தில். ‘பசிக்கிறது’ என்று இன்னோர் இடத்தில். மூக்கு பெரிதாக ஒரு மனிதர் படம் - குச்சியை ஆட்டி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் அந்த ஊர் கண்டக்டராகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்தேன். பதினோராம் பக்கத்து ஓரத்தில் இருந்ததை மட்டும் அழிக்க மனசே வரவில்லை.

ஏன்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் என்ன வாசிக்கிறேன் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக... வயோலா. வயலின் இல்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கனம். டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரும் காய்கறிக்காரருக்கு நான் இருபது வருஷமாக ‘கிட்டார் மேடம்’. திருத்துவதை நிறுத்தி பத்து வருஷம் ஆகிறது.

ஊருக்கெல்லாம் டிசம்பர் என்றால் லீவு. மாடி வீட்டுக்காரர்கள் மனாலியில் பனியை வாரி இறைத்துக்கொண்டு போட்டோ அனுப்புவார்கள். எங்களுக்கோ அப்போதுதான் மூச்சு விட நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ் கச்சேரி ஒரு ஸ்கூலில், ஒரு ஹோட்டல் லாபியில், ஒரு பெரிய அரங்கத்தில். போதாததற்குத் தலையில் சிவப்புக் குல்லா. அதன் நுனியில் தொங்கும் பஞ்சு உருண்டை சரியாக என் வில் வரும் வழியில் வந்து ஆடும்.

இந்த டிசம்பர் கச்சேரிதான் எனக்கும் என் தங்கைக்கும் சண்டை மூட்டியது.

தங்கை பூங்கொடி ஈரோட்டில் இருக்கிறாள். பார்த்துப் பார்த்து ஒரு வீடு கட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரகப்பிரவேசம். மார்கழி பிறந்தால் நாள் கிடைக்காது என்று கார்த்திகைக் கடைசியில் தேதி குறித்தார்கள். அதே தேதியில் எங்களுக்குக் கச்சேரி. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வயோலாக்காரர் ஒருவர் கை ஒடிந்து கிடந்ததால் எனக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். போன் செய்து சொன்னேன்.

“பரவால்லக்கா. நீ உன்ற பொட்டியவே கட்டிக்கிட்டு அழு” என்றாள், என் வயோலாப் பெட்டியைச் சொல்லி. வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சே இல்லை. தீபாவளிக்கு வாழ்த்து மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக் மட்டும் வரும். நானும் ரோஷக்காரி. ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

போன செப்டம்பரில் திடீரென்று அவளிடமிருந்து ஒரு மெசேஜ். ‘இதப் பாத்தியா?’ ஒரு கொரியன் சீரியலின் போஸ்டர். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளுக்குத் தினமும் சைக்கிளில் சூப் கொண்டுவரும் ஒரு போஸ்ட்மேன். பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது பாதியில் இருக்கலாம்.

கொரியன் சீரியல் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சேர்ந்து பார்ப்போமா என்று கேட்டேன். ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வாரம் ஒரு எபிசோட், மொத்தம் பதினாறு. இரண்டு வீட்டிலும் டி.வி.க்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து வீடியோ கால். நான் கண்டக்டர் மாதிரி “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்வேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரிமோட்டை அழுத்துவோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸை நான் கொறிப்பேன். அவள் கடலை மிட்டாய். என் வீட்டுக்காரர் பேப்பர் தேடுகிற சாக்கில் வந்து சோபாவுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நிற்பார். கேட்டால், “நான் எங்க பாத்தேன்?” என்பார்.

சீரியலைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசியதில்லை. போஸ்ட்மேனின் அம்மாவைத் திட்டுவோம். அந்தப் பெண் போட்டிருக்கும் கோட்டைப் பற்றிப் பேசுவோம். எபிசோட் முடிந்ததும், “சரிக்கா, வெக்கறேன்.” அவ்வளவுதான். அந்தப் புது வீட்டில் நான் பார்த்தது ஒரு சோபாவும், அதற்குப் பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலையும்தான். வீட்டைக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் காட்டவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கச்சேரி விழுங்கிவிட்டது. அதனால் பதினைந்தையும் பதினாறையும் மாதத்தின் கடைசி ஞாயிறு சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். “முன்னாடியே பாத்துத் தொலைச்சராத” என்றாள். “சத்தியமா மாட்டேன்” என்றேன்.

இப்போது அந்தப் பதினோராம் பக்கத்துக்கு வருவோம்.

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் நோட்ஸ் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. வெளிப்பக்கம் உட்காருகிறவர் விடாமல் வாசிப்பார். உள்பக்கத்து ஆள்தான் பக்கம் திருப்ப வேண்டும். அந்த ஆள் நான். கடைசி வரி முடிகிற வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். இரண்டு எண்ணிக்கைக்கு முன்னாலேயே கை புறப்பட்டுவிட வேண்டும். இருபது வருஷமாக எனக்கு எதற்கும் கை முந்தித்தான் போகும்.

வெளிப்பக்கம் என் பார்ட்னர் பல்ஜீத் சிங். தமிழிலும் தெலுங்கிலும் வந்து ஹிந்தி பேசும் ஆக்‌ஷன் படங்களுக்கு டெல்லியிலேயே இவரைப் போல் ஒரு ரசிகர் கிடையாது. ஒத்திகை இடைவேளையில் சண்டைக் காட்சிகளை எனக்கு நடித்தே காட்டுவார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகை. மெதுவான ஒரு பாட்டு. அதில் வயோலாவுக்கு முப்பத்தெட்டு பார் வேலையே இல்லை. பார் என்பது ஒரு தாளக் கட்டம், ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. சும்மா உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எண்ணினேன். கண் ஓரத்துக்குப் போனது.

ஒத்திகையில் வாய் திறந்து பேச முடியாது இல்லையா? அதனால் ஒரே ஸ்டாண்டுக்காரர்கள் பென்சிலில் பேசிக்கொள்வார்கள். எனக்கு முன்னால் அந்த நோட்ஸில் வாசித்த இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். சாய்ந்த கையெழுத்தில் ஒரு கேள்வி: ‘கலங்கரை விளக்கம் பார்த்து முடித்தாயா?’ அதற்குக் கீழே உருண்டையான கையெழுத்தில் ஒரு பதில்: ‘முடித்தேன். பதினாறாவதில் அந்தப் போஸ்ட்மேன்...’

அதற்கு மேல் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த உருண்டைக் கையெழுத்துக்காரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஐயோ! படிக்காதே என்று மூளை சொல்வதற்குள் கண் படித்து முடித்துவிட்டது. எண்ணிக்கை போயிற்று. பதறிப்போய்ப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன், பத்து பார் முன்னாலேயே. பல்ஜீத் என்னை நம்பி வில்லை எடுத்து முழு பலத்தோடு இழுத்துவிட்டார். எல்லாரும் மெல்லிசாக வாசித்துக்கொண்டிருக்கும்போது எங்களிடமிருந்து மட்டும் ‘ங்ஙே’ என்று ஒரு சத்தம். கண்டக்டர் கையைக் கீழே போட்டார்.

“வயோலா! எங்க போறீங்க ரெண்டு பேரும்?”

“என் தப்பு சார்” என்றார் பல்ஜீத். நல்ல மனுஷன். இடைவேளையில் விஷயத்தைச் சொன்னேன். “அரே சுமதிஜி, இதுக்கா அழுவுறீங்க? எங்க ஹீரோ ஜெயிப்பான்னு டைட்டில் போடும்போதே தெரியும். அப்பவும் நான் மூணு தடவை பாக்கறேன்ல?” என்று ஹிந்தியில் சமாதானம் சொன்னார்.

அவருக்கென்ன! என் கவலை சீரியலா? தங்கையோடு எனக்கு மிச்சமிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். தெரிந்துவிட்டது என்று சொன்னால், முன்னாலேயே பார்த்துவிட்டாள் என்பாள். மறுபடியும் அக்கா வாக்குத் தவறிவிட்டாள் என்றாகும். சொல்லாமல் மறைக்கலாம் என்றால் என் முகம் ஒரு விளம்பரப் பலகை. ஐந்து நாள் கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்படப் பழகினேன். பல் தேய்க்க வந்த வீட்டுக்காரர் பயந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினைந்தாவதைச் சமாளித்தேன். பதினாறாவதில் கடைசி இருபது நிமிஷம் வரைக்கும் கூடச் சமாளித்தேன். திரையில் எல்லாரும் சூப் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி இதோ வரப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் கை தானாகப் புறப்பட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. டிஷ்யூவை எடுத்து மடித்துத் தயாராக வைத்துக்கொண்டது.

“அக்கா, நிறுத்து.”

நிறுத்தினேன்.

“எதுக்குக் கண்ணாடியக் கழட்டுன?”

“கண்ணு உறுத்துச்சு.”

“டிஷ்யூ?”

“டெல்லில ஒரே குளுருடி. சளி.”

“அங்க அவங்க சிரிச்சுட்டு இருக்காங்க, நீ அழுகறதுக்கு ரெடியாகறே. பாத்துட்டயா?” அவள் குரல் மாறிவிட்டது. “கிரகப்பிரவேசத்துக்கு வாரேன்னு சொன்னே, வரல. இதாச்சும் சேந்து பாப்போம்னு இருந்தேன். இதையும் நீ தனியாப் பாத்துட்டயாக்கா?”

“இல்லடி, பாக்கல! சத்தியமாப் பாக்கல! இரு, இரு...” உள்ளே ஓடினேன். பையிலிருந்து நோட்ஸை உருவினேன். பதினோராம் பக்கத்தை விரித்துப் போன் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். “இங்க பாரு, யாரோ எழுதி வெச்சிருக்காங்க. நான் எழுதல. கையெழுத்தப் பாரு!”

பூங்கொடி திரைக்குக் கிட்டே வந்தாள். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழுசாகப் படித்தாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

“அடிப்பாவி!” என்று கத்தினாள். “இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சே! இன்னும் இருவது நிமிஷம் இருக்குதேக்கா!”

நான் நோட்ஸைப் பிடித்தபடி நின்றேன். வீட்டுக்காரர் சோபாவுக்குப் பின்னாலிருந்து, “எனக்கும்தான்” என்றார். பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசில் சிரிப்பாளே, மூச்சு வாங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு... அந்தச் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! நானும் சிரித்தேன். மிச்ச இருபது நிமிஷத்தையும் முடிவு தெரிந்தே பார்த்தோம், மூன்று பேரும் சேர்ந்தே அழுதோம். அழுதோம் என்றதும் முடிவை ஊகித்துவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்கும் அழுவோம்.

பாட்டு முடிந்து பெயர்கள் ஓடின. டி.வி. இருண்டது. ‘சரிக்கா, வெக்கறேன்’ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் வைக்கவில்லை.

“அஞ்சு நாளாத் தெரிஞ்சும் ஏங்க்கா மூச்சு விடல?” என்றாள்.

“பயமா இருந்துச்சுடி. இதுவும் போச்சுன்னா உங்கிட்ட எதைச் சொல்லிப் பேசுவேன்?”

மூக்கை உறிஞ்சினாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். படம் ஆடியது. பச்சைத் திரைச்சீலை விலகியது.

“இது சமையக்கட்டு. ஜன்னல் பெருசா வெச்சிருக்கேன் பாரு. இது சாமி ரூமு. பாத்தியா, பால் காச்சுன குண்டா. கழுவி அப்புடியே வெச்சிருக்கேன்.” மாடிப்படி ஏறினாள். மூச்சு வாங்கியது. ஒரு கதவைத் தள்ளினாள். “இது நீ வந்தாப் படுக்கறதுக்குன்னு கட்டுனது. கோவத்துல வெங்காய மூட்டையப் போட்டு வெச்சுட்டேன்.”

நிஜமாகவே மூன்று மூட்டை வெங்காயம்.

“எடுத்துருவியா?” என்றேன்.

“நீ மொதல்ல டிக்கெட்டப் போடு” என்றாள்.

பொங்கலுக்குப் போட்டுவிட்டேன். தை மாதம் எங்களுக்குக் கச்சேரி கிடையாது. இருந்தாலும் அதற்குப் போகப் போவதில்லை. குப்தாஜியிடம் அதையும் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை அவர் என் ஸ்டாண்டுக்கு வந்து, “சுமதிஜி, எல்லாம் அழிச்சாச்சா? ஜல்தி, கூரியர்காரன் நிக்கறான்” என்றார். “ஹாங்ஜி, எல்லாம்” என்று கூசாமல் பொய் சொன்னேன். பதினோராம் பக்கத்தில் பழைய இரண்டு கையெழுத்துக்கும் கீழே இப்போது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ‘அடுத்த முறை எழுதினால் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கவும். மற்றபடி ரொம்ப நன்றி. இப்படிக்கு, டெல்லி.’

இன்று காலை பூங்கொடியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அந்த மாடி அறை. வெங்காய மூட்டைகள் இல்லை. கட்டிலில் புது விரிப்பு. பக்கத்தில் ஒரு முக்காலி - ‘உன்ற பொட்டிய வெக்கறதுக்கு’ என்று கீழே எழுதியிருந்தாள்.