பெயருக்கு நடுவில் இரண்டு எழுத்து

மூத்தவளே, உனக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனோமே, அன்றைக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஏன் ஏ/பி என்று இரண்டு எழுத்து நிற்கிறது, உன் சீனத் தோழிக்கு ஏன் அது இல்லை என்று. அதற்குள் நம்முடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அப்புறம் சொல்றேன்மா" என்று உன்னைக் கவுண்டர் பக்கம் அனுப்பிவிட்டேன்.

அனுப்பியது சரியில்லை. ஆனால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுதலாம். தம்பியும் படிக்கட்டும்.

அந்த எழுத்துகளுக்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. மலாயில் 'அனாக் பெரம்புவான்', இன்னாருடைய மகள். எனக்கும் தம்பிக்கும் ஏ/எல், அதாவது மகன். மலாய்க்காரர்களுக்கு 'பின்', 'பிந்தி' என்று வரும். சீனர்களுக்கு எதுவும் கிடையாது. அதனால் ஏ/பி என்று ஒரு காகிதத்தில் பார்த்த உடனே, ஆளைப் பார்க்காமலேயே இரண்டு விஷயம் தெரிந்துவிடும். இந்த ஆள் இந்தியர். இந்த ஆள் பெண். தெரிவதில் ஒரு கெடுதலும் இல்லை. தெரிந்த பிறகு அந்தக் காகிதத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதை நான் உங்க அம்மாவிடம் இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. தம்பிக்கு மூன்று. கிள்ளானில் இதே வீட்டில்தான் இருந்தோம். அம்மா ஒரு கிடங்கில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தாள். பெட்டி மேல் லேபிள் ஒட்டுவது, சுற்றுவது, எண்ணுவது. அங்கே பெண்கள் முக்கால்வாசிப் பேர் நம்ம ஆட்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது நான்கு ஆண்கள். பேலட் என்கிற மரப்பலகை மேல் சாமானை அடுக்கி, அதை அப்படியே முன்னால் இருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் தூக்கி, உயர அடுக்கில் வைக்கிற வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். அம்மாவுக்கு அந்த வண்டி மேல் ஆசை. அழகாக இருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். அதில் என்ன அழகு?

ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போய், படம் ஒட்டிய சான்றிதழோடு வந்தாள். திங்கட்கிழமை திரும்பவும் லேபிள்தான். ஓட்டுகிற ஆள் யாராவது லீவு போட்டால் மட்டும் சூப்பர்வைசர் வந்து, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் ஏறிக்கோ" என்பார். மறுநாள் இறங்கிக்கொள்ள வேண்டும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அந்த 'இன்னிக்கு மட்டும்' எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு ஆளின் வேலையே வந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

சரி, வெளியே தேடலாம் என்று ஆரம்பித்தோம். செமினியில் ஒரு இடம். போனில் சீன மொழி பேச வருமா என்று கேட்டார்கள். வராது என்றதும் வைத்துவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் எந்த மொழியில் பேசும் என்று அம்மா என்னைக் கேட்டாள். அப்புறம் காஜாங்கில் ஒரு இடம். அங்கே சூப்பர்வைசர் தமிழர். நமக்கு நல்லது என்று நினைத்துப் போனோம். அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "அண்ணே, நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குலா? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையதான் கேப்பாங்க."

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "வெளிய போனா நான் இந்தியர். நம்ம ஆளுங்ககிட்ட வந்தா நான் பொம்பளை. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற ஆளா எங்கதாங்க இருக்கறது?"

இன்னும் இரண்டு இடத்துக்கு எழுதிப்போட்டோம். பதிலே இல்லை.

ஐந்தாவது, துறைமுகம் போகிற சாலையில் ஒரு பெரிய கிடங்கு. கணினியில் விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். அந்த இடத்துக்கு நான் முந்தின வருடம் லோரி ஓட்டும் வேலைக்கு எழுதியிருந்தேன், கிடைக்கவில்லை. அந்தப் பழைய பாரம் அப்படியே இருந்தது. புதிதாக எதற்கு என்று அதையே திறந்து, என் பெயரை எடுத்து அம்மா பெயரைப் போட்டேன். ஐசி எண்ணை மாற்றினேன். சான்றிதழை ஏற்றினேன். என் அப்பா பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் அப்பா பெயரைப் போட்டேன். நடுவில் இருந்த ஏ/எல்லை மாற்ற மறந்துவிட்டேன். ஆண், பெண் என்று கேட்கிற கட்டத்தில் இருந்த ஆணையும் அப்படியே விட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மலாயில், "என்சே இருக்கிறாரா?" என்று அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். என்சே என்றால் ஐயா. அம்மா விளங்காமல், "நான்தான்" என்றாள். அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு ஒரு பெண் குரல், வெள்ளிக்கிழமை காலை நேர்முகம், ஓட்டிக் காட்டவும் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டது.

பிறகுதான் பாரத்தைத் திறந்து பார்த்தோம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் அந்த ஒரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சான்றிதழ். அதே அனுபவம். நான்கு தடவை 'பி' என்று போட்டு ஒருவரும் ஓட்டிக் காட்டக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு தடவை 'எல்' ஆனதும் மூன்று நாளில் போன்.

நான் போன் பண்ணித் திருத்திவிடலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க தப்பா தட்டினதுக்கு நான் ஏங்க முன்னாடியே போய் மன்னிப்பு கேக்கணும்? நேர்ல போறேன். ஐசிய மேசைல வைக்கிறேன். பார்த்துக்கட்டும்."

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டு அழைத்துப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு எதிரே சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கம்பி வேலி வழியாக ஓட்டிக் காட்டுகிற இடம் தெரியும். உள்ளே நடந்ததை எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருவர் ஆள் எடுக்கிற பிரிவில் வேலை செய்கிற மலாய் அக்கா, போனில் பேசியவர். மேனேஜர் அம்மாவைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், திரும்ப அம்மாவைப் பார்த்தார். அம்மா ஐசியை மேசையில் வைத்து, அது என் கணவர் செய்த பிழை, இப்போதே திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அக்கா பேனாவை எடுத்துத் திருத்தினார். மேனேஜர், வந்தது வந்துவிட்டாய், ஓட்டிக் காட்டிவிட்டுப் போ என்றார்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "உன் புருஷன் குடிப்பாரா? குடித்துவிட்டு இங்கே வந்து சத்தம் போடுவாரா?"

அம்மா என்ன சொன்னாள் என்பது உங்களுக்கே தெரியும். நம்ம வீட்டில் நூறு தடவை சொல்லிச் சிரித்த கதை. "குடிப்பார் சார். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் தே தாரேக். இப்பக்கூட எதிர்க்கடைல குடிச்சிட்டுதான் இருப்பார்." நான் அந்த நேரம் இரண்டாவது கிளாஸ் டீயில் இருந்தது நிஜம்தான்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கட்டும் என்றுதான் அம்மா அப்படிச் சொல்கிறாள். ஆனால் பிள்ளைகளே, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. முன்னாலும் பின்னாலும் வந்த இரண்டு ஆண்களிடம் உன் பெண்டாட்டி குடிப்பாளா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேறு இனத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தால் அவளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். பெண் என்பதால் ஒரு பாதி, இந்தியர் என்பதால் ஒரு பாதி. இரண்டும் சேர்ந்த ஆளுக்குத்தான் அந்தக் கேள்வி. அந்த மலாய் அக்கா அப்போது தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஓட்டிக் காட்டியதை நான் வேலி வழியாகப் பார்த்தேன். அம்மாவுக்கு முன்னால் போனவர் ஒரே தாவலில் ஏறி வண்டியை எடுத்துவிட்டார். அம்மா ஏறவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைக் காலால் தட்டினாள். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஓரமாக நின்ற இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்குப் பூஜை போடுகிறாள் என்று சொன்னார்களாம். அப்புறம் ஏறினாள். பேலட்டைத் தூக்கி, மூன்றாவது அடுக்கில், இருபுறமும் ஒரு கை அகலம்கூட மிச்சமில்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்து, சத்தமில்லாமல் பின்வாங்கி வந்தாள். அழகாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

சிரித்த இரண்டு பேரும் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

முடிந்ததும் மேனேஜர் அன்பாகத்தான் பேசினாராம். நன்றாக ஓட்டுகிறாய், ஆனால் ஆண்கள் நடுவில் கஷ்டம், எங்கள் பேக்கிங் பிரிவில் உங்கள் ஆட்கள் நிறைய பெண்கள் இருக்கிறார்கள், அங்கே சேர்ந்துகொள் என்றார். அம்மா, நான் எழுதிப்போட்டது ஃபோர்க்லிஃப்ட்டுக்கு, ஓட்டிக் காட்டியதும் ஃபோர்க்லிஃப்ட், அந்த மதிப்பெண் தாளில் எனக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் காட்டுங்கள் என்று கேட்டாள். அவர் காட்டவில்லை. யோசித்துக் கூப்பிடுகிறோம் என்றார்.

இங்கே என் தப்பையும் எழுத வேண்டும். இரண்டு வாரம் போன் வரவில்லை. நான் பொறுமை இழந்துவிட்டேன். பேக்கிங்கையாவது ஒத்துக்கொண்டிருக்கலாமே, உள்ளே போன பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டேன். நல்லதுக்குச் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

"உங்களை லோரி ஓட்டக் கூப்பிட்டுட்டு, மூட்டை தூக்குங்க, அப்புறம் மெதுவா பார்க்கலாம்னு சொன்னா போவீங்களா?"

போக மாட்டேன். அது எனக்குச் சட்டென்று தெரிந்தது. அவளுக்கு மட்டும் ஏன் போகச் சொன்னேன்? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் உங்களுக்கு நான்தான் சமைத்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று நீ சொன்னதுகூட நினைவு இருக்கிறது.

பதினாறாம் நாள் அந்த மலாய் அக்கா கூப்பிட்டார். திங்கட்கிழமை வா, ஃபோர்க்லிஃப்ட்தான், மூன்று மாதம் பார்ப்பார்கள் என்றார். ஓட்டிக் காட்டிய தாளை மேனேஜர் முன்னால் திரும்பத் திரும்ப வைத்து, வந்தவர்களில் யாரும் இவளைவிட நன்றாகச் செய்யவில்லையே, பிறகு என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். பாரம் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். நம்ம நாட்டில் ஐசி எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அம்மாவுடையது இரட்டைப்படை. அதைப் பார்த்துவிட்டும் பேசாமல் மேனேஜரின் மேசைக்கு அனுப்பியிருக்கிறார். 'பி' என்று வெளியே தெரிந்திருந்தால் அதை அங்கே அனுப்ப விட்டிருக்க மாட்டார்கள் என்றாராம்.

அம்மா அவருக்கு நன்றி சொன்னாள். அன்றைக்குத் தேங்காய்ச் சோறு ஆக்கினாள். சாப்பிடும்போது சொன்னாள், "நல்ல மனுசிங்க. பொம்பளையா இருக்கற கஷ்டம் அவங்களுக்குப் புரியுது. ஆனா அந்தக் குடிக்கிற கேள்வி வந்தப்போ அவங்களுக்கு அது உறைக்கல. அவங்ககிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க இல்ல, அதான்." கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் தீபாவளிக்கு அம்மா முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பது அந்த அக்காவுக்குத்தான்.

வேலைக்குப் போன பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஓட்டுபவர்கள் இருக்கும் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. ஆபீஸ் கட்டிடம் வரை நடக்க வேண்டும். நடந்து போய் வந்தால், பொம்பளைக்கு அடிக்கடி ஓய்வு என்று பேச்சு. அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, உடம்புக்கு வந்து, பிறகு நேராகப் போய் எழுதிக் கொடுத்தாள். ஐந்து மாதம் கழித்துக் கட்டினார்கள். முதலில் அதில் போனது அம்மா இல்லை, பேக்கிங் பெண்கள்தான். அவர்களும் அத்தனை வருடம் அதே தூரம் நடந்தவர்கள்.

அந்த வருடக் கடைசியில் என் கம்பெனி ஒரு லோட்டை அங்கே கொண்டுபோகச் சொன்னது. நான் அம்மாவிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். லோரியைப் பின்னால் விட்டு இறங்கினேன். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் காகிதத்தோடு அம்மா வந்தாள். சாமான் இறக்கும்போது லோரி நகரக் கூடாது என்பதற்காக, ஓட்டி வந்தவர் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அது அங்கே கட்டாயம்.

"அண்ணே, சாவி," என்றாள்.

கட்டின புருஷனைப் பார்த்து. பின்னால் நின்ற பையன்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

"நான்தாமா," என்றேன்.

"தெரியுது. சாவி."

கொடுத்தேன். எனக்கு அடுத்து ஒரு லோரி காத்திருந்தது. என் வயது இருக்கும் ஒருவர் இறங்கி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார், இந்த அக்கா சரியாக இறக்குவார்களா, என் லோரியில் கண்ணாடிச் சாமான் இருக்கிறது, வேறு ஆள் வரும்வரை நிற்கலாமா என்று. காஜாங் சூப்பர்வைசரைப்போல அவரும் கெட்டவர் இல்லை. என் வாயில் பெரிய பேச்சு ஒன்று வந்தது. அடக்கிக்கொண்டேன். "என்னோடதை இறக்கறாங்க, பாருங்க அண்ணே," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பேரும் நின்று பார்த்தோம். பதினெட்டு பேலட். கடைசி பேலட்டை வைத்துவிட்டு அம்மா வந்து காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினாள், சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"லோரிய எடுங்கண்ணே. பின்னால ஆள் நிக்குது."

நான் எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். அந்த மனிதர் தன் லோரியை மெதுவாகப் பின்னால் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கையைக் காட்டி அவரை உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.