பூனையின் பின்கழுத்து

அப்பா யாருடைய கழுத்தையும் துடைத்துவிடுவார். முடி வெட்டி முடித்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் பின்கழுத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு அதே துண்டை ஒரு உதறு உதறித் தோளிலேயே போட்டுக்கொள்வார். முடி திருத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்பாவுக்கு மட்டும் அது கடையோடு நிற்கவில்லை. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சடை பின்னிய அம்மாவின் கையிலிருந்து என்னைத் திருப்பி, கழுத்தைத் துடைத்துத்தான் அனுப்புவார். ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்தைத் துடைத்துவிட்டார். அவர் திரும்பி முறைத்தார்.

"மன்னிக்கணும் சார். கை தானா போயிடுச்சு."

"இந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டு நாலு இடத்துக்குப் போக முடியுதா?" என்று அம்மா வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

அப்பாவின் கடையில் ஒரே ஒரு நாற்காலி. இளம் வயதெல்லாம் யார் யார் கடையிலோ நின்று வேலை செய்துவிட்டு, பழைய சாமான் கடையில் அந்த நாற்காலியை வாங்கிய பிறகுதான் கல்யாணத்துக்கே ஒப்புக்கொண்டாராம். "முதல்ல நாற்காலி, அப்புறம்தான் நான்" என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். எதிரே ஆள் உயரக் கண்ணாடி. அப்பா அந்தக் கண்ணாடியைப் பார்த்துதான் எல்லோரிடமும் பேசுவார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையில் கத்தரியோடு, கண்ணாடியில் தெரிகிற முகத்திடம் அரசியல் பேசுவார், கேலி பேசுவார், பெண் கல்யாணத்துக்கு யோசனையும் சொல்வார். அதே ஆளைத் தெருவில் பார்த்தால் "ம்ம்... வாங்க" என்பதோடு சரி. வீட்டிலும் அப்படித்தான். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என்னிடம் ஏதோ சொல்ல நினைத்து வாசல்வரை வந்தார், செருப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் நேருக்கு நேர் பேசிய ஒரே ஆள் பேக்கரி மாமா என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் கண்ணாடி வழியாகத்தான். எதிர்வரிசையில் அவர் பேக்கரி. விடியும்போது அடுப்பு வேலையை முடித்து, புருவத்தில் மாவு ஒட்டியிருக்க, முதல் ஆளாக வந்து நாற்காலியில் சாய்வார். அப்பா சவரம் செய்வார். பேக்கரி மாமா கொண்டுவந்த பன் காகிதத்துக்குள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

"சூடு ஆறுறதுக்குள்ள பிடிய்யா" என்று அதை அப்பாவின் கையில் வைப்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிலர் அப்பாவிடம் சில்லறையைக் கையில் தரமாட்டார்கள். மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா அதைப் பார்க்காதவர் போல இருப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரு பூனை இருந்தது. ஒரு மழைநாளில் நனைந்து வந்து ஒண்டிய சாம்பல் நிறக் கடுவன். காலையில் அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்து வெட்டுகிற முடியைக் கண்காணிக்கும். மதியம் தெருவைக் கடந்து பேக்கரியின் காலிச் சாக்குகள்மேல் படுத்து ரொட்டித் தட்டுகளைக் கண்காணிக்கும்.

"இவன் வேலை செய்யறவன் இல்லய்யா, வேலை வாங்கறவன்" என்றார் பேக்கரி மாமா. அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்று பெயர்.

நான் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் விடுமுறைக்கு வந்தபோது மேனேஜர் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் முடி கொட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் கணுக்காலைச் சொறிந்தார்கள். பாதிச் சவரத்தில் ஒருவர் எழுந்தேவிட்டார்.

"முடி எடுக்க வந்தா ரத்தமும் எடுக்கறியேப்பா!"

தெள்ளுப்பூச்சி. யாரிடமிருந்து வந்தது என்பதில் ஆரம்பித்தது பேச்சு.

"உன் முடிக்குப்பையிலதான்யா குடித்தனம் பண்ணுது" என்றார் பேக்கரி மாமா, முகம் முழுக்க நுரையோடு.

"உன் சாக்கு மூட்டையை உதறிப் பாரு, பேரன் பேத்தியெல்லாம் எடுத்திருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். விலங்கு மருத்துவமனையில் டாக்டரம்மா விரல் நீளக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். கூடவே வந்த தாளை நான் அப்பாவுக்கு வாசித்தேன். கழுத்துக்குப் பின்னால், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். தானாக ஊற விட வேண்டும். மாதம் ஒரு தடவை.

"பின்கழுத்துதானே? நம்ம ஏரியா" என்றார் அப்பா.

கடையை உள்ளே தாழிட்டோம். மேனேஜருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அலமாரிக்கு மேலே ஏறியது, பவுடர் டப்பாவைத் தள்ளியது, கண்ணாடிக்குப் பின்னால் புகுந்து வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டது. அந்த வாலை வைத்துத்தான் பிடித்தோம். வாடிக்கையாளருக்குப் போர்த்துகிற கோடுபோட்ட துணியில் அப்பா அதைச் சுற்றி, தலை மட்டும் தெரிய நாற்காலியில் வைத்தார். நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். துணிக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்து என் மணிக்கட்டில் கோடு போட்டது.

"அசையாதீங்க சார். ஆங்... தலையைக் கொஞ்சம் குனிங்க. பையன் என்ன படிக்கிறான்? அப்படியா, சரி சரி."

அப்பாவின் குரலில் அது உண்மையிலேயே அடங்கியது. சீப்பின் முனையால் முடியை விலக்கினார். குழாயை அழுத்தினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"முடிஞ்சுது சார். போய்ட்டு வாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேனேஜர் துணியோடு பாய்ந்து கதவிடம் போய்க் கத்தியது.

பூச்சி போகவில்லை. நான் விடுதிக்குத் திரும்பிய பிறகு, அடுத்த மாதம் இரண்டாவது குழாய் வாங்கிப் பக்கத்துத் தையல்காரரைப் பூனையைப் பிடிக்கச் சொல்லி மருந்து விட்டிருக்கிறார். அப்போதும் போகவில்லை. அப்பா கடையைக் கழுவினார், துணிகளைக் கொதிக்க வைத்தார், பெஞ்சை வெயிலில் போட்டார். இவ்வளவு செய்தும் போகவில்லை என்றால் பூச்சி எங்கிருந்து வருகிறது? எதிர்க்கடைச் சாக்கிலிருந்துதான். அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் கடையில் பெஞ்ச் காலியாகிக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு மாலையில் பேக்கரி மாமா மேனேஜரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பேக்கரியில் கூட்டம் நிற்கிற நேரம் அது.

"உன் மேனேஜரை உன்கிட்டயே வச்சுக்கய்யா. ரொட்டி வாங்க வந்தவங்க காலைச் சொறிஞ்சுக்கிட்டுப் போறாங்க."

"என்கிட்ட ஏன் கொண்டுவர்றே? நான் மருந்து போட்டு அனுப்பறேன், உன் இடத்துல மறுபடி ஏத்திக்கிட்டு வருது."

"என் இடத்துலயா?"

அப்பா வாசலுக்கு வந்தார். அங்கே கண்ணாடி இல்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்: "சுத்தம் இல்லாத கையால ஊருக்கே சோறு போடறே. இனிமே உன் கையால ஒரு பன்னு நான் தொடமாட்டேன்."

பேக்கரி மாமா பூனையைக் கீழே விட்டுவிட்டுப் போனார். ரொட்டிக்கு நின்றவர்களில் சிலர் பையை மடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பம் திரும்ப வரவே இல்லை.

அம்மா இதைத் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. சுத்தம் என்ற அந்தச் சொல்லை அப்பா எத்தனை பேரிடமிருந்து வாங்கி வைத்திருந்தாரோ. அதை எடுத்து நீட்டுவதற்கு அவருக்கு அந்த ஒரு ஆள்தான் கிடைத்தாரா என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து பேக்கரி மாமா சவரத்துக்கு வரவில்லை. வேறு கடைக்கும் போகவில்லை. தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

அடுத்த விடுமுறையில் நான் வந்தபோது தாடி காதோடு சேர்ந்திருந்தது. அப்பா நாற்காலியைத் துடைத்துக்கொண்டே எதிர்க்கடையைப் பார்ப்பார். "அந்தத் தாடி என்னையே முறைக்குது பாரேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

மூன்றாவது குழாய் வந்தது. மறுபடி தாழ், மறுபடி அலமாரி, மறுபடி கோடுபோட்ட துணி. இந்த முறை மதியச் சாப்பாட்டோடு வந்த அம்மாவும் உள்ளே மாட்டிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றாள். அப்பா அதே மரியாதையோடு பேசினார், முடியை விலக்கினார், மருந்தை விட்டார்.

"முடிஞ்சுது சார்."

"ஏங்க, எதுக்குத் துடைச்சீங்க?" என்றாள் அம்மா.

"எதைத் துடைச்சேன்?"

"கழுத்தை! இப்பத்தானே மருந்து விட்டீங்க? உடனே துண்டால துடைச்சீங்களே!"

"நான் எங்கடி துடைச்சேன்?"

"அப்ப அந்தத் துண்டு ஏன் ஈரமா இருக்கு?"

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. முதல் தடவை நான்தான் பூனையைப் பிடித்திருந்தேன், இப்போதும் நான்தான் பிடித்திருக்கிறேன். அவர் துடைத்தது என் கண்ணில் படவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற அசைவு, மூச்சு விடுகிற மாதிரி.

அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கும்தான். அப்பா மட்டும் துண்டைப் பிடித்தபடி எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி மருந்து விட்டோம். அம்மா முதலில் துண்டைப் பிடுங்கி வெளியே கொடியில் போட்டாள். அப்பாவின் கை தோளுக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. அந்த மாதமே பூச்சி ஒழிந்தது. மேனேஜருக்குக் காதோரம் முடி முளைத்தது. இரண்டு கடைகளுக்கும் பழையபடி போய்வர ஆரம்பித்தது.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் அம்மா.

"சொல்லணும். அவன் வந்து உட்காரட்டும். சவரம் பண்ணும்போது சொல்லிடறேன்."

"அவர் எப்படி வருவாரு? நீங்கதானே வாசல்ல நின்னு சொன்னீங்க?"

அப்பா முயற்சி செய்யாமல் இல்லை. தொடமாட்டேன் என்ற பன்னை வாங்கத் தெருவைக் கடந்து போவார். கூட்டத்தில் நிற்பார். அவர் முறை வரும். "ம்ம்... ரெண்டு" என்பார். பேக்கரி மாமா பன்னைக் காகிதத்தில் சுற்றி, கையில்தான் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் காத்திருப்பார். அப்பா பன்னை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வாரத்தில் பல நாள் இது நடந்தது. எங்கள் வீட்டில் பன் மிஞ்சிப்போய்க் காய்ந்தது.

"அவன் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் வந்து உட்கார்றேன்" என்று பேக்கரி மாமா என்னிடமே சொன்னார். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். "அவன் வரட்டும்" என்றார்.

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்த வருடம், காய்ச்சல் என்று படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடியும்வரை பேக்கரி மாமா எங்கள் வாசலில் நின்றிருந்தார்.

கடையைக் காலி செய்து சாவி கொடுக்கப் போன அன்று நான் பேக்கரிக்குப் போனேன். மாலை நேரம், ரொட்டிக்கு ஆட்கள் நின்றார்கள். மாமாவின் தாடி நரைத்து நெஞ்சுவரை வந்திருந்தது. இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது, படித்தவள் என்பதால் எதையும் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேனா என்றெல்லாம் ஓடியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாமா, அப்பா அன்னிக்குச் சொன்னது தப்பு. பூச்சி உங்க சாக்குல இல்ல. அவருதான் மருந்தைத் துடைச்சுட்டாரு. உங்ககிட்ட சொல்லணும்னு கடைசிவரை நினைச்சாரு."

பேக்கரி மாமா என் தலையில் கை வைத்தார்.

"தெரியும்மா. அந்த வாரமே உங்கம்மா வந்து சொல்லிட்டா."

"அப்ப விட்டுடுங்களேன் மாமா."

"நீ சொல்லாதே, உங்கம்மாவும் சொல்ல வேண்டாம். அவன் சொல்லட்டும்" என்றார், அப்பா எதிரே கடையில் வேலையாக இருப்பது போல. பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டார்.