ஆடி மாசத்துக் கப்பல் டிக்கெட்டு

எண்ணூர் முகத்துவாரத்தில் மழைவெள்ளத்தோடு எண்ணெய் வந்து இறங்கியதே, அந்த மழைக்காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வலை, படகு, நண்டு, கொக்கின் கால் எல்லாமே கறுப்பு. என் மச்சான் அங்கேதான் இருந்தார். மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிக் கழுவி அவருக்குத் தோலே உரிந்துபோனது. அவரைப் பார்த்துவிட்டு நாங்கள் காசிமேட்டுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் என் சம்சாரம் அந்தப் பேச்சை எடுத்தாள். அவளுக்கு சக்கரை வியாதி. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றக் கண்ணும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யோவ், இந்தக் கண்ணும் போறதுக்குள்ள ஒருவாட்டி கடலுக்குள்ள போய்ப் பாக்கணும்யா. புள்ள போன எடத்தப் பாக்கணும்."

எங்கள் பிள்ளை போனது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆடி மாசம். விசைப்படகில் போனான். நடுவில் இஞ்சின் நின்றுவிட்டது என்று பக்கத்துப் படகுக்கு ஒயர்லஸில் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கடைசிப் பேச்சு. ஆடியில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இஞ்சின் இல்லாத படகை அது தள்ளிக்கொண்டே போகும், நிறுத்தாது. நாங்கள் நாலு படகில் தேடப் போனோம். நானும் போனேன். டீசல் தீரும்வரை தேடினோம். ஒரு மிதவைக்கட்டை கூடக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அவளும் படகில் ஏற வந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் தொழில் படகில் கால் வைக்கக் கூடாது. அது பாட்டன் காலத்துப் பழக்கம். ஊரே சேர்ந்து அவளை இழுத்துக் கரையில் உட்காரவைத்தது. பிறந்ததிலிருந்து கடல் பக்கத்தில் இருக்கிறாள், மீன் விற்றே என்னையும் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் கடலுக்குள் ஒரு அடி போனதில்லை. தேடிவிட்டு வெறுங்கையோடு இறங்கிய எங்களைப் பார்த்து, "ஒயுங்கா தேடுனீங்களாடா? சாராயத்தக் குடிச்சிட்டு நாலு ரவுண்டு சுத்திட்டு வந்துட்டீங்களாடா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. மீன் ஆய்ந்துகொண்டே திட்டுவாள், சோறு போட்டுக்கொண்டே திட்டுவாள். தினமும் விடியலில் துறைமுக வாய்க்குப் போய் நின்றுகொண்டு வருகிற படகுகளை எண்ணுவாள். அவனுடைய லுங்கியை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துவைத்துக் கொடியில் போடுவாள்.

தொழில் படகில் ஏறக்கூடாது. கப்பலில் ஏறினால் யார் கேட்கப்போகிறார்கள்? அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. ஹார்பருக்கு மாடிமாடியாக ஒரு வெள்ளைக் கப்பல் வருகிறது, டிக்கெட்டு வாங்கியவன் எவனும் ஏறலாம் என்று மீன் வாங்க வந்த ஒரு அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டையில் டிக்கெட்டு போடும் பாய் ஒருத்தர் எனக்குத் தோஸ்து. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், துபாய்க்குப் போகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். நான் போகும்போதே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சித்திரை, வைகாசியில் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகம் செத்துக் கிடக்கும். ஐஸ் விலைகூட இறங்கிவிடும். அப்போது கப்பல் டிக்கெட்டும் சல்லிசாகத்தானே இருக்க வேண்டும்?

"பாய், தடைக்காலத்துல போடு. அப்ப எவன் கடலுக்குப் போவான்?"

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நைனா, உனக்குத்தான் தடை. ஊருக்கெல்லாம் ஸ்கூலு லீவு. பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு எல்லாம் கெளம்பிடுவான். அப்ப எந்தக் கப்பல் டிக்கெட்டயும் தொட முடியாது, தீயா இருக்கும்."

"சரி, அப்ப எப்பதான் சல்லிசு?"

"இந்தக் கப்பல் நம்ம ஊர்க் கப்பலே இல்ல. பம்பாய்ப் பக்கம் மய புடிச்சா இங்க வரும். வந்தவொடனே கூட்டமா இருக்கும். அப்பால ஆடி பொறக்கும். கல்யாணம் கெடையாது, புதுசா கட்டுனவன் பொண்டாட்டிய மாமியா வூட்டுக்கு அனுப்பிட்டுத் தனியா குந்திகினு இருப்பான், பசங்க ஸ்கூல்ல இருப்பாங்கோ. துணிக்கடைல தள்ளுபடி போடறானே, அதே மாதிரிதான் இதுவும். ஆடி, வார நாளு, ஜன்னலு இல்லாத ரூமு. இதவிடச் சல்லிசு கெடையாது."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "எந்த ஊருலயும் நிக்காத டூரு ஒண்ணு கீது. சும்மா நடுக்கடலு வரைக்கும் போய்த் திரும்பிடும். ஊரே இல்லாத டூரு நைனா, நீ இன்னா பண்ணப்போற அதுல?"

எங்களுக்கு வேண்டியதே அதுதான். ஆனால் பிள்ளை போனதும் ஆடியில்தான். வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லத் தெரியாமல் ராயபுரம் மேம்பாலத்துக் கீழே டீ குடித்துவிட்டு, மறுபடி ஒரு டீ குடித்தேன்.

சொன்னதும் அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"ஆடின்னா ஆடி. அவன் பாத்த தண்ணியத்தான் நான் பாக்கணும். அமைதியாக் கீற தண்ணிய இங்கயே கரையில குந்திப் பாத்துக்கலாமே."

ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தோம். அந்த வருஷத்து ஆடி தவறிவிட்டது, அவளுக்குக் கால் புண் ஆறவில்லை. அடுத்த ஆடிக்குத்தான் போனோம். அதற்குள் அவளுக்கு எதிரே நிற்கிற ஆள் நிழல்போலத்தான் தெரிந்தது. கடலையும் வானத்தையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு இன்னும் பார்வை இருந்தது.

கிளம்புகிற அன்று சுறாப்புட்டு செய்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு அது என்றால் உயிர். ஹார்பருக்குள்ளே பையை மெஷினில் விட்டுப் பார்க்கிறார்கள். அங்கே நின்ற ஒரு பெண் டப்பாவை வெளியே எடுத்தாள்.

"அம்மா, வெளிச் சாப்பாடு உள்ள போவாது."

"எனக்கு இல்ல கண்ணு. எம் புள்ளைக்கு."

"புள்ள முன்னாடியே உள்ள போயிட்டாரா?"

"ஆமா, போயிட்டான்."

"எந்த ரூமுன்னு சொல்லுங்க, அங்கயே நல்ல சாப்பாடு குடுப்பாங்க."

இவள் டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள். அந்தப் பெண் நல்ல மாதிரிதான், அவளுக்கு என்ன தெரியும். புட்டைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு டப்பாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். என் சம்சாரம் காலி டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள்.

ரூம் ஒரு பெட்டி மாதிரி. ஜன்னல் இல்லை. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா தெரியாது. "கடலு எங்கய்யா?" என்று சுவரைத் தடவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ரூம். மேல்தட்டுக்கு அழைத்துப் போனேன். பாட்டு அலறியது, தொப்பி போட்டவர்கள் ஆடினார்கள். ஒரு பையன் ஓடிவந்து, "பாட்டி, ஒரு செல்ஃபி?" என்றான்.

"எடு ராஜா. கண்ணு தெரியாதவ மூஞ்ச வெச்சிகினு இன்னா பண்ணப்போற?"

அவன் அப்படியே நழுவிவிட்டான்.

பொழுது சாய்கிற நேரம் பின்பக்கம் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து அவளை நிறுத்தினேன். கரை மறைந்துவிட்டது. எண்ணூர்ப் புகைபோக்கிகள்கூட இல்லை. காற்று நிலத்துப் பக்கத்திலிருந்து முதுகில் அடித்தது. அவள் முந்தானை கடலைப் பார்த்துப் பறந்தது.

"இந்தக் காத்துதானா?"

"இதேதான்."

"எந்தப் பக்கம் போயிருப்பான்?"

முந்தானை பறக்கிற பக்கத்தைக் காட்டினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம், அப்புறம் பின்னால். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு ஓரம் தென்படும் என்று நினைத்திருப்பாள்போல. அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை.

"யோவ், இம்மாம் பெருசாக் கீது. இதுல நாலு படகு வெச்சிகினு எங்கய்யா தேடுவீங்க?" கம்பியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, "உன்ன ரொம்பப் பேசிட்டேன்யா" என்றாள்.

நானும் கடலில் பிழைத்தவன். அந்த வார்த்தையைக் கேட்டபோது பயந்தமாதிரி எந்தப் புயலிலும் பயந்ததில்லை. திரும்புகிறவரை அவள் அந்த ஜன்னல் இல்லாத ரூமிலேயே படுத்திருந்தாள். மேலே வரவே இல்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை லுங்கியைத் துவைக்கவில்லை. மடித்து, பேசின் பிரிட்ஜ் பக்கம் நடைபாதையில் படுத்திருந்த ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். விடியலில் துறைமுக வாய்க்குப் போவதில்லை. மழை பிடிப்பதற்குள் மிச்சக் கண்ணும் போய்விட்டது. என்னைத் திட்டுவதும் இல்லை. தட்டில் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இப்போது அவள் வாயால் ஒரு வசவு கிடைத்தால் போதும் என்றிருக்கிறது எனக்கு.

இன்னும் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் பிள்ளை திரும்பி வராத தாய்மார்கள் இருக்கிறார்கள். கப்பல் கதை அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. இதைக் கேட்கிறவர்கள் எனக்கு ஒரு உபகாரம் செய்யுங்கள். எந்த மாசம் டிக்கெட்டு சல்லிசு என்று அவர்களில் யாராவது கேட்டால் ஆடி என்றே சொல்லுங்கள், அது பொய் இல்லை. கூடவே மற்றதையும் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். ரூமில் ஜன்னல் இருக்காது. மேலே போய் நின்றால் கடல் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும். அதற்கப்புறமும் போகிறேன் என்றால் போகட்டும்.