இட்லித் தட்டில் மீந்த வெள்ளை

எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஒருவர் பல்லும் தெரியாது. மாப்பிள்ளை, பெண், பின்னால் நிற்கிற சித்தப்பா பெரியப்பா கூட்டம் எல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் போல நிற்கும். இண்டூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் கேமராவைத் தூக்கியதும் சிரிக்கச் சொல்ல மாட்டார். "வாய மூடிக்கிங்க" என்றுதான் சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் நல்ல போட்டோக்காரர் என்று பெயர் வாங்கியதே அதனால்தான்.

எல்லாம் தண்ணீர் செய்த வேலை. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பால் பல் விழுந்து முளைக்கிற பல் முளைக்கும்போதே பழுப்பாக, குறுக்கே கோடு போட்டுக்கொண்டு வரும். கரி, உப்பு, சாம்பல் என்று அம்மா அக்காவின் பல்லில் தேய்க்காத பொருள் இல்லை. ஈறுதான் தேய்ந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை. நான் அப்போது நான்காம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லவில்லை. மூன்றாவதாக மேட்டூர்ப் பக்கத்தில் ஓர் இடம், போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோ அது. அந்த வாரம் முழுக்க அம்மா அக்காவுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் லேசாக விரிய வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல் திறக்கக் கூடாது.

அதே வாரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நாலைந்து நாள் ஓவியம் சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். புத்தகத்தைப் பார்த்து மாம்பழமும் தேசியக் கொடியும் வரைவதுதான் ஓவியம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் மேசை பெஞ்சை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களைத் தரையில் உட்கார வைத்தார். ஆளுக்கொரு பெரிய சார்ட் அட்டை. நாலு பேருக்கு ஒரு பழைய இட்லித் தட்டு, அதில் குழிக்கு ஒரு நிறமாக வண்ணம் ஊற்றியிருந்தது. இட்லித் தட்டைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"உங்க வீட்டுல யாரு சிரிச்சா உங்களுக்குப் பிடிக்குமோ அவங்க முகத்தை வரையுங்க. அட்டை முழுக்கப் பெருசா வரையணும். வாயைத் திறந்து நல்லா சிரிக்கட்டும்" என்றார் மிஸ்.

நான் அக்காவை வரைந்தேன். வெளி ஆட்கள் முன்னால் அக்கா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். எனக்குத் தலை சீவும்போது மட்டும்தான் கை ஓய்வில்லாமல் இருக்கும், அதனால் முழுசாகச் சிரிப்பாள். கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் அதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பல்லாக வரைந்து, பழுப்பைத் தொட்டுப் பூசி, குறுக்கே கோடும் போட்டேன்.

சாயங்காலம் தட்டுகளைக் கழுவ எடுத்தபோது மிஸ்ஸுக்குக் குழப்பம். எல்லாத் தட்டிலும் பழுப்புக் குழி காலி. வெள்ளைக் குழி ஊற்றியபடியே இருந்தது. பல்லுக்கென்றே கூடுதலாக ஊற்றி வைத்த வெள்ளை அது. படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை வாயிலும் பழுப்புப் பல்.

"பல்லுக்கு யாருமே ஏன் வெள்ளை எடுக்கல?" என்று கேட்டார்.

கேள்வியே எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பளிச்சென்று வெள்ளைப் பல் வைத்திருந்தவர் ரைஸ் மில்காரர் ஒருவர்தான். அவர் அதைத் தூங்கும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். அதனால் என் பக்கத்தில் இருந்த பையன் எழுந்து, எங்கள் எல்லோருக்கும் காலையிலிருந்து இருந்த சந்தேகத்தை மரியாதையாகவே கேட்டான். "மிஸ், உங்குளுது கட்டுன பல்லுங்களா? ராத்திரி கழட்டி வெச்சுருவீங்களா?"

மிஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார். பிறகு எங்கள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா சிரிங்க பார்க்கலாம்" என்றார். பள்ளிக்கூடப் பம்பில் பிடித்து வைத்திருந்த பாட்டிலை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. தாகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தோம்.

மறுநாள் மண்ணிலேயே வண்ணம் செய்யச் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலிருந்து செம்மண் கொண்டுவரச் சொன்னார். அக்காதான் காட்டு ஓரத்தில் தோண்டி, துணியில் சலித்து, வேலம்பிசினை ஊறவைத்துக் கொடுத்தாள். ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் குழைத்துப் பார்த்து, "நெறம் நல்லாத்தான்டி வருது" என்று சொல்லி அதை ஜன்னலில் வைத்தாள். பல்லின் பழுப்புக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கடையில் கிடைக்காது.

கடைசி நாள் படங்களை எல்லாம் கொடியில் துணி மாதிரித் தொங்கவிட்டுப் பெற்றவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் காட்டு வேலையில் இருந்ததால் அக்கா வந்தாள். என் படத்துக்கு முன்னால் வந்து நின்றவள் நகரவே இல்லை. யாரோ ஒரு அம்மா, "உன் தங்கச்சி உன்ன அப்படியே எழுதிட்டாளே" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

"நான் இப்படியா சிரிக்கறேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா. தல சீவறப்ப."

"நான் பாத்ததே இல்லடி" என்றாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தானே.

மிஸ் கிளம்பும்போது மீந்த வெள்ளையை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். எதற்கு எனக்கு என்று கேட்கவில்லை. பெயிண்ட் சும்மா கிடைத்தால் யார் கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் படத்தை முன் அறையில் ஆணி அடித்து மாட்டினார். சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று இருந்தது, படம் அதைக் கச்சிதமாக மறைத்தது. விருந்தாளி வரும் நேரத்தில் அம்மாவுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள் அப்போதுதான் அதை நின்று பார்த்தாள்.

"ஏங்கண்ணு, மிஸ்ஸு குடுத்த வெள்ளப் பெயிண்டு இருக்குதில்ல? அந்தப் பல்லுக்கு மட்டும் கொஞ்சம் பூசிடு. வர்றவங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க."

எனக்கும் வெள்ளையைத் திறக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொரு பல்லாகப் பூசினேன். அக்கா டிவியில் பற்பசை விளம்பரத்துக்கு வருகிற பெண் மாதிரி ஆகிவிட்டாள். அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல் சொடுக்கினாள். நான் வரைந்ததற்கு அம்மா பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அக்கா தலைக்குக் குளித்து, அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு முன் அறைக்கு வந்தாள். படத்தைப் பார்த்தாள். ஜன்னலில் இருந்த கொட்டாங்குச்சியை எடுத்து, காய்ந்திருந்த செம்மண்ணில் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியில் ஏறி, நான் பூசிய வெள்ளையின் மேல் மோதிர விரலால் மண்ணைப் பூச ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரு பல் விடாமல் பூசினாள்.

நான் கத்தினேன். அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். என் படத்தில் கை வைக்க இவள் யார்? அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினால் அங்கே கேசரி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. அக்கா இறங்கிப் போய்க் கையைக் கழுவினாள்.

நாலு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்திருந்தார். அவருடைய அம்மா முகம் நல்ல முகம். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"யாரு கண்ணு எழுதினது?"

"நாந்தாங்க. எங்க அக்காங்க அது."

"நல்லா இருக்குதே. பல்லுல என்ன அது, மண்ணாட்டம்?"

முறையீடு செய்ய ஓர் ஆள் கிடைத்துவிட்டது எனக்கு. "மண்ணுதாங்க. நான் வெள்ளையாத்தான் பூசினேன். அக்காதான் மண்ணக் கொழச்சுப் பூசிட்டாங்க" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அடுப்படிக் கதவருகில் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் அக்கா காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அக்கா தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை.

"படத்துல இருக்கறது மண்ணுங்க, தொடச்சா போயிரும். எனக்கு இருக்கறது போவாதுங்க. முன்னாடியே பாத்துக்குங்க" என்று சொல்லி, தலை சீவும்போது சிரிக்கிற மாதிரி முழுசாகச் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். காப்பி நன்றாக இருப்பதாகச் சொன்னார். போகும்போது அக்காவின் தோளைத் தொட்டு, "வரேன் சாமி" என்றார். "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோங்க" என்று அப்பாவிடம் சொன்னது கூட வந்த பெரியவர். அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். வேன் திரும்புகிறவரை அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் வாசலில் நின்றார்.

அதன் பிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அப்பா மோட்டார் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார், அன்றைக்குக் கரண்டே இல்லை. கேசரி மூடியபடி இருந்தது. நான் படத்துக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பட்டுச் சேலையை மாற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் சீப்பு.

"கோவமா?"

"என் படத்தக் கெடுத்துட்ட."

"இன்னொண்ணு எழுதிக் குடு. வெள்ள மட்டும் பூசாத" என்றாள். என் தலையைத் தன் மடிக்கு இழுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். நெற்றியில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது. அவள் தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று நினைத்தேன்.

கல்யாணம் என்றால் என்ன, அது தவறிப்போனால் ஒரு வீட்டில் என்ன ஆகும், போட்டோவில் மூடியிருந்த வாயை நம்பி வந்தவர்களிடம் அக்கா எதைத் திருப்பிக் கொடுத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பாடுபட்டுப் பூசிய வெள்ளை போய்விட்டது, அதற்காக அம்மா அழுகிறாள், அப்பா சாப்பிடாமல் போய்விட்டார், தப்பு செய்த அக்காவும் இப்போது வருந்துகிறாள் என்பதுதான். ஒரு படத்துக்காக வீடே இப்படித் துக்கப்படுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில் அக்காவை மன்னித்துவிட்டு, அவள் மடியிலேயே தூங்கிப்போனேன்.