கடைசி அறைக்கு ஒரு தனி வரிசை

மருத்துவமனையில் அவரை எல்லோரும் ‘வயர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி பிரிந்து போனபின் ஒற்றை ஆள். அடித்தளத்துச் சர்வர் அறையில், ஏசி இரைச்சலுக்கு நடுவே பகல் முழுக்க இருப்பார். எங்காவது ஏதாவது நின்றுபோனால் ஒழிய, யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

ஒருநாள் மதியம் தொற்றுநோய் வார்டு நர்ஸ் படியிறங்கி வந்தார்.

“சார், கடைசி ரூம் பெரியவரு வீட்டம்மாகிட்ட வீடியோவுல பேசுறாரு. இவர் பேசினது அங்க லேட்டா போகுது. பதிலைக் காணோமேன்னு இவர் மறுபடி ஆரம்பிக்க, அந்தம்மா குறுக்க பேச, ரெண்டு பேருக்கும் கோவம் வந்துடுது. நேத்து அழுதுட்டாரு.”

“நேர்ல பார்க்க முடியாதா?”

“யாரையும் விடுறதில்ல சார். அந்த டேப்லெட்தான் அவருக்கு எல்லாம்.”

தேடிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஸ்கேன் படங்களும் அதே இணைப்பில்தான் மூட்டை மூட்டையாகப் போயின. அனுப்பும்வரை எல்லாவற்றையும் ரூட்டர் தேக்கிவைக்கும் இடம் பஃபர். எதுவும் தொலையக் கூடாதென்று முன்பிருந்தவர் அதைத் தாராளமாகப் பெரிதாக்கியிருந்தார். படங்கள் பத்திரம், ஆனால் பெரியவரின் பேச்சு அந்தக் குவியலுக்குப் பின்னால் காத்துக் கிடந்தது. படம் சற்றுத் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. “சாப்டியா?” என்ற கேள்வி தாமதித்தால் பேச்சே குலைந்துவிடும்.

குரலுக்கும் வீடியோவுக்கும் தனி வரிசை போட்டு, அது முதலில் போகும்படி செய்தார். அந்த வரிசையைச் சின்னதாகவே வைத்தார். நேரம் கடந்த பேச்சுத் துணுக்குகளை விட்டுவிடலாம். ஓர் எழுத்து விழுங்கப்பட்டாலும் காது சமாளித்துக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க நிஜமாகவே யாராவது பேச வேண்டும். கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். குழாய் ரிப்பேர், கேஸ், மெக்கானிக். மனைவியின் எண்ணைத் தாண்டிப் போய், அதே இணைப்பின் வழியே அக்காவை அழைத்தார். பேசி வெகுநாளாகியிருந்தது.

“என்னடா, உடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணுமில்லக்கா. லைன் டெஸ்ட் பண்றேன். ஏதாவது பேசேன்.”

“டெஸ்டுக்கா? நான்கூட என் ஞாபகம் வந்துடுச்சோன்னு பார்த்தேன்.”

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். லைன் போய்விட்டதென்று அக்கா நினைத்துக்கொண்டார்.

“டேய், கேக்குதா?”

“கேக்குதுக்கா. நல்லா கேக்குது.”

புதுக் கண்ணாடி, மூட்டு வலி, மாடிவீட்டுக்காரரின் சத்தம் என்று அக்கா பேசிக்கொண்டே போனார். இவர் ஸ்கேன்களை வரிசையாக அனுப்பிப் பார்த்தார். ஒரு சொல்கூடத் தாமதிக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, “அடுப்புல வெச்சிருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்று அக்கா வைத்துவிட்டார்.

மறுநாள் நர்ஸ் போனில் சொன்னார். “இப்ப ஒழுங்கா சண்டை போடுறாங்க சார்! மாத்திரை போட்டீங்களான்னு அவங்க கேக்க, இவரு கூசாம பொய் சொல்றாரு!” வயர் சார் வாய்விட்டுச் சிரித்தார். அறையில் இயந்திரங்கள் மட்டுமே இருந்தன.

அதன்பின் மதியந்தோறும், பேச்சு தொடங்கியதும், இணைப்புகளின் ஓட்டத்தைக் காட்டும் திரையில் கடைசி அறையின் பச்சைக் கோடு எழும்பும். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அது எழும்பிய பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

ஒருநாள் கோடு எழும்பவில்லை. இணைப்பில் பழுதில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டு மாடியேறினார். கண்ணாடிக்கு அப்பால் விரிப்பெடுத்த கட்டில்.

“காலையிலேயே டிஸ்சார்ஜ் சார். தானே நடந்து போனாரு,” என்றார் நர்ஸ். “உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“இல்லம்மா. சும்மா, லைன் சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்.”