வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத மெசின்

மகளின் இடது கைச் சுட்டுவிரலில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. தையல் பிரித்து மாதங்களாகியும், அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது என் கண் அங்கேதான் போகிறது. சில்க்போர்க்கில் அவள் வேலை செய்யும் தச்சுப் பட்டறையில், மரம் அரியும் பழைய மெசின் போட்ட கோடு அது. விரல் தப்பிவிட்டது. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. அந்தச் செய்தி ஹேர்னிங்கில் என் அலுவலகத் தொலைபேசியில்தான் வந்தது; அது அடித்தால் இப்போதும் எடுக்கத் தயங்குகிறேன்.

அந்தப் பட்டறைக்கு முதலாளி கிடையாது. வேலை செய்கிறவர்களே அதை நடத்துகிறார்கள், ஆளுக்கொரு வாக்கு. ஆனால் ஒருவரும் தன் பங்கை விற்க முடியாது. விலகுகிறவர் தன் உளிகளையும் மேலங்கியையும் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டடமும் மெசின்களும் அங்கே தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு. வருட முடிவில் இலாபத்தில் எவ்வளவைப் பங்கிடுவது, எவ்வளவைப் பட்டறையிலேயே போடுவது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பொருளியல் படித்தவள். இப்படியான நிறுவனங்களைப் பற்றிப் பாடத்தில் ஒரு கேள்வி இருந்தது: விரைவில் விலகப்போகும் தொழிலாளி, தான் போன பிறகும் பலகாலம் உழைக்கப்போகும் மெசினுக்காகத் தன் இன்றைய பங்கை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்தக் கேள்வி ஒருநாள் என் பிள்ளையின் விரலைத் தேடி வரும் என்று நினைக்கவில்லை.

புதுவகை மெசின் ஒன்று இருக்கிறதாம். தோல் பட்ட கணமே வாள் நின்றுவிடும். அதை வாங்கினால் இந்த வருடம் பங்கிட ஒன்றும் மிஞ்சாது. பட்டறையில் இரண்டு பேர் கோடையோடு ஓய்வுபெறுகிறார்கள். அவர்களுக்கு இது கடைசி இலாபப் பங்கு.

“பிள்ளை, நீ அந்த வேலையை விட்டிட்டு வா,” என்றேன்.

“நை, அம்மா,” என்று டேனிஷ் மறுப்போடு தொடங்கினாள். “நான் விட்டால் அந்த மெசினுக்கு முன்னால் இன்னொருவர் நிற்பார்.”

டோஸ்ட்ருப்பில் இருக்கும் அண்ணையிடம் தொலைபேசியில் அழுதேன். அவருக்கு எல்லாம் சுலபம்.

“இதுக்கேன் அழுறாய்? நாங்களே வாங்கிக் குடுப்பம். கோயிலுக்கு மணி வாங்கிக் குடுக்கிறேல்லையோ? வேணுமெண்டால் மெசின்ர நெத்தியில உன்ர பேரையும் அடிச்சுவிடச் சொல்லு.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை,” என்றேன். ஆனால் அந்த யோசனை என்னோடு ஒட்டிக்கொண்டது.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பட்டறைக்குள்ளேயே நடந்தது. வேலை செய்கிறவர்களின் வீட்டுக்காரர்கள் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்கலாம். நான் ஒரு பெரிய தட்டில் மீன் றோல்ஸ் கொண்டுபோனேன். தட்டைப் பார்த்ததும் மகள், “இது லஞ்சமோ?” என்று காதுக்குள் கேட்டாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய செலவைப் பற்றிப் பேசும்போது, முதலில் விலகப்போகிறவர்தான் முதலில் பேசுவார். போகிறவரின் குரல் மற்றவர்களின் ஆசைக்குள் அமிழ்ந்துவிடக்கூடாதாம்.

ஏரியில் படகு வைத்திருக்கும் மொட்டைத்தலை மனிதர் எழுந்தார். “நான் எதிர்க்கிறேன். படகைத் திருத்த வேண்டும். அந்த மெசினை நான் ஒருநாள்கூடத் தொடப்போவதில்லை,” என்று சொல்லிவிட்டு இருந்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் பாடப்புத்தகம் எழுந்து நின்று பேசியதுபோல் எனக்கு இருந்தது.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. அனுமதி கேட்டு எழுந்தேன். “அம்மா, இருங்கோ,” என்று மகள் தமிழிலேயே சொன்னாள். நான் இருக்கவில்லை. மெசினை எங்கள் குடும்பமே வாங்கித் தரும், நீங்கள் எல்லாரும் உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வார்னிஷ் பூசும் பெண்மணி திரும்பிப் பார்த்தார். ஓய்வுபெறப்போகும் மற்றவர் அவர்தான்.

“நன்றி. ஆனால் அது யாருடைய மெசினாக இருக்கும்?”

“எல்லாருக்கும்தான். என் மகளும் அதில் வேலை செய்தால் போதும்.”

“அவள் இங்கிருந்து போனால்?”

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“உங்கள் மகளோடு வேலைநேரத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கும்போதும் நாங்கள் அந்த மெசினை நினைத்து அடங்கிப்போவோம். அது அவளுக்கும் நல்லதில்லை,” என்றார். “வாங்கித் தர அம்மா இல்லாதவரின் விரலையும் பார்க்கவேண்டும் அல்லவா?”

படகுக்காரர் தன்னைச் சுட்டிக்காட்டி, “எனக்கும் அம்மா இல்லை,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாங்கில் இருந்துவிட்டேன்.

பிறகு தன் முறைக்கு அந்தப் பெண்மணி பேசினார். கூரையில் ஓடும் தூசி இழுக்கும் குழாயைக் காட்டினார். “நான் வந்தபோதே இது இருந்தது. வாங்கியவர்களை எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் அவர்கள் விட்டுப்போன குழாயால்தான் இங்கே மூச்சு விட்டேன். நான் ஆதரிக்கிறேன்.”

அவருக்கும் அது கடைசிப் பங்குதான். எங்கள் பாடத்தில் பங்கு இருந்தது, வாக்கு இருந்தது. கூரையில் ஏற்கெனவே ஒரு குழாய் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

கை தூக்கினார்கள். படகுக்காரரும் இன்னொருவரும் எதிர்த்தார்கள். மற்ற எல்லாரும் வாங்கலாம் என்றார்கள். புதியது வரும்வரை பழைய மெசினைப் பூட்டிவைக்கவும் முடிவாயிற்று. தோற்ற படகுக்காரர் நேரே என் தட்டுக்கு வந்து, “சரியான காரம்,” என்று சொல்லிக்கொண்டே அடுத்த றோலை எடுத்தார். சற்றுமுன் அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் அவர் கோப்பைக்குக் கோப்பி ஊற்றினார்கள். நான் எத்தனையோ சங்கக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வாக்கெடுப்புக்குப் பிறகு இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

புது மெசின் வந்த அன்று நானும் போனேன். விரலுக்குப் பதிலாகச் சிவப்புச் சொசேஜ் ஒன்றை வாளில் தள்ளிப் பரிசோதிப்பார்களாம். சொசேஜ் கொண்டுவந்தவர் படகுக்காரர்.

“எதிர்த்தவன் கையால் பரிசோதித்தால்தான் நம்பலாம்,” என்று அதைப் பலகையில் வைத்து மெதுவாகத் தள்ளினார். டமார் என்று ஒரு சத்தம். வாள் மெசினுக்குள் இறங்கிக் காணாமல் போனது. அவர் சொசேஜைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“ஒரு கீறல். உங்கள் மகளுடையதைவிடச் சின்னது.”

நான் அதைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

“அம்மா, அது மணக்கும்,” என்றாள் மகள்.

“மணக்கட்டும். டோஸ்ட்ருப் மாமாவுக்குக் காட்டவேணும்.”